பயணக்கூலி முன்னால், முத்திரை பின்னால்

"எழுபத்தஞ்சு டாலர். இப்பவே, இங்கயே. அப்புறம்தான் பையைத் திறப்பேன்."

இதை மட்டும் எந்த வாசலிலும் கேட்டுவிடாதே என்று இட்ஸெலுக்கு எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. சொன்னவர் தோன் கில்பர்ட்டோ, அதாவது கில்பர்ட்டோ ஐயா. லிண்ட்ஸி என்ற சிற்றூரில் வரிக்கணக்கு, கார் காப்பீடு, திருமணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரே மேசையில் நடத்துகிறவர். ஊர் ஊராய் வீடு தேடிப் போய்க் கையெழுத்துக்குச் சான்று வைக்கும் நோட்டரி வேலையை அவளுக்குப் பிடித்துத் தருகிறவரும் அவர்தான். வாரத்தில் ஏழு வேலை வந்தால் ஐந்து அவர் தருவது.

"வாசல்ல காசு கேக்கிறவ பிச்சைக்காரி, கண்ணு. உள்ள போ, சிரி, முத்திரைய வை, அப்புறம் பில்லை அனுப்பு. முத்திரை விழுந்த சந்தோஷத்துல அவங்களே குடுப்பாங்க," என்பார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் விஷம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இட்ஸெலுக்கு எட்டு மாதம் ஆயிற்று. மூன்று வாரத்துக்கு முன்னால் டினூபாவில் ஒரு கிழவர். மருந்து மயக்கத்தில் தலை தொங்கிக்கொண்டிருந்தது. மருமகன் பேனாவை அவர் விரலிடுக்கில் செருகிக்கொண்டிருந்தான். முத்திரையின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த இட்ஸெல் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? நாற்பத்தெட்டு மைல். போக வர பெட்ரோல். முத்திரை விழாவிட்டால் ஒரு செப்புக்காசும் வராது. அவள் மூளை சும்மா இருந்தது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது கைதான். கடைசி நொடியில் மூடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள், வெறுங்கையோடு. ஆனால் அந்தக் கடைசி நொடி எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். கூலி முத்திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறவரைக்கும் முத்திரையும் விலைக்குத்தான் கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. அவள் வீட்டில் முதன்முதலாய்ப் பட்டம் வாங்கியவள் அவள்தான் என்பது வேறு விஷயம்.

இப்போது அவள் நின்றுகொண்டிருந்தது ஒரு பராமரிப்பு இல்லத்தின் நடைபாதையில். எதிரே ஃபெர்மின் தலமாந்தேஸ், நாற்பது வயது, பால் பண்ணைகளுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற லாரிக்காரன். தொப்பியில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது.

"உள்ளயே வரல, அதுக்குள்ள காசா?" என்றான். "பீட்சா கொண்டு வர்றவன்கூட டப்பாவக் காட்டிட்டுத்தான் கேப்பான்."

"பீட்சா வேணாம்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவான். நான் ஓட்டிட்டு வந்த மைலை எப்படித் திருப்பி எடுத்துட்டுப் போறது? போன்லயே சொன்னேன். வந்ததுக்கு எழுபத்தஞ்சு. முத்திரை வச்சா கையெழுத்துக்குப் பதினஞ்சு, அது சட்டம் சொல்ற கூலி, அதுக்கு மேல ஒரு காசு வாங்க மாட்டேன். முத்திரை வைக்காமப் போனாலும் எழுபத்தஞ்சு எனக்குத்தான். நீங்களும் சரி சரின்னீங்க."

"சரி சரின்னு எல்லாருக்கும்தான் சொல்றோம்."

"அதான் வாசல்லயே கேக்கிறேன்."

அவன் நான்கு இருபது டாலர் தாள்களை உருவிக் கொடுத்தான். அவள் ஐந்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சில்லறையோடதான் கிளம்பறியா. நல்ல பொண்ணுதான் போ," என்றான். கொடுத்த கையோடு அவன் தோள் தளர்ந்ததை அவள் பார்த்தாள். காசு கொடுத்தாயிற்று, காரியம் முடிந்தது என்கிற தளர்ச்சி அது. எல்லோருக்கும் வரும். அங்கேதான் தகராறும் பிறக்கும்.

காரியம் இதுதான். தாயின் வீட்டை மகன் பெயருக்கு மாற்றுகிற பத்திரம். லாரிக் கடனில் மூன்று தவணை பாக்கி. திங்கட்கிழமை காலை விசாலியாவில் ஒருவரைப் பார்க்கப் போகிறான். வீடு அவன் பெயரில் இருந்தால் அதன்மேல் கடன் தருவார். இல்லாவிட்டால் லாரி போய்விடும். இதையெல்லாம் அவளைக் கேட்காமலேயே நடைபாதையில் நடந்தபடி சொல்லி முடித்தான். பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. பயந்தவனாகத் தெரிந்தான்.

அறையில் அவன் தாய் தோன்யா கூக்கா, அதாவது கூக்கா அம்மாள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூக்கா செல்லப்பெயர்; அடையாள அட்டையில் ரெஃபூஹியோ தலமாந்தேஸ் என்றிருந்தது, வயது அறுபத்து மூன்று. முகமும் அட்டைப் படமும் ஒன்றுதான், வலது பக்கம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஐந்து வாரத்துக்கு முன் வந்த பக்கவாதம் பேச்சையும் வலது கையையும் கொண்டு போயிருந்தது. அந்தக் கை மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. சுவரில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் உருளும் சாப்பாட்டுப் பலகை. அதன்மேல் பிஸ்கட், ஆப்பிள் கூழ், காகிதக் கோப்பை.

ஃபெர்மின் பத்திரத்தை அந்தப் பலகையில் பரப்பினான். "சீக்கிரம் முடிச்சிடலாம். கையை நான் பிடிச்சுக்கறேன், ஒரு கோடு போட்டாப் போதும். எக்ஸ் மாதிரி போட்டா சாட்சி ரெண்டு வேணுமாமே, கூட்டிட்டு வந்திருக்கேன். கீழ வண்டில சூரியகாந்தி விதை கடிச்சிட்டிருக்காங்க."

"அம்மாவுக்கு இது என்ன காகிதம்னு தெரியுமா?"

"அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, பாவம். டாக்டரே சொல்லிட்டாரு."

"ஒண்ணும் புரியாதவங்க எதுக்குக் கையெழுத்துப் போடப்போறாங்க?"

"புரியாதுன்னா… பேச வராதுன்னு சொன்னேன்."

"அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க."

"எங்க அம்மா."

"அதனாலதான் வெளிய இருக்கச் சொல்றேன். கையெழுத்துப் போடறவங்களை நான் தனியாத்தான் பார்ப்பேன்."

அவன் போனான், கதவைச் சாத்தாமல். அவள் போய்ச் சாத்தினாள்.

பணிப்பெண் மரிவிக் கோப்பையை எடுக்க வந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, காலில் ஊதாச் செருப்பு. தரையில் கிடந்த பிஸ்கட் துண்டுகளைக் குனிந்து பொறுக்கியபடி, "தினம் இதே கூத்து," என்றாள். "பாக்கெட்டைப் பிரிச்சுக் குடுத்தா தட்டி விட்டுடுவாங்க. அந்த இடது கை வேலை இல்லாம சும்மா துடிக்குது."

இட்ஸெல் பலகையைப் பார்த்தாள். முழு பிஸ்கட் இரண்டு அப்படியே இருந்தன. தரையில் கிடந்தது எல்லாம் உடைந்தது.

"உடைஞ்சதை மட்டுமா தள்றாங்க?"

"அதை யாரு பார்த்தா," என்று சொல்லிவிட்டு மரிவிக் போனாள்.

இட்ஸெலின் முதுகு நிமிர்ந்தது. கல்லூரிக் காசுக்காக மூன்று கோடைகாலம் ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டில் நின்றவள் அவள். உருளைகள்மேல் பழம் ஓடி வரும். நல்ல பழத்தைத் தொடக்கூடாது; கையைத் தூக்கி வழிவிட வேண்டும். அழுகலைப் புறங்கையால் வெளிப்பக்கம் தட்ட வேண்டும், குப்பைத் தொட்டிக்கு. தோல் அடிபட்டு உள்ளே நன்றாக இருக்கிற பழத்தைத் தன் பக்கம் இழுத்துக் கீழே தள்ள வேண்டும், ஜூஸ் பெல்ட்டுக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். வீட்டுக்குப் போய்த் தூங்கும்போதும் கை அதையே செய்யும். இந்த அம்மாளின் கையும் அதைத்தான் செய்கிறதோ?

"தோன்யா கூக்கா, நீங்க ஷெட்ல எத்தனை வருஷம்? முப்பது இருக்குமா?"

இடது கை பலகையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே எழுந்தது. நின்றது. இறங்கியது.

வழிவிடுகிற கை. இட்ஸெலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் மயிர்க்கூச்சை நம்பி முத்திரை வைக்கவும் முடியாது, வைக்காமல் இருக்கவும் முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நானும் மூணு சீசன் நின்னேன். எங்க மேஸ்திரி கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. சும்மா ரெண்டு கேள்வி கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பேரு கான்சுவேலோவா?"

புறங்கை வெளிப்பக்கம் தட்டியது.

"ரெஃபூஹியோ?"

கை எழுந்தது.

"நாம பேக்கர்ஸ்ஃபீல்டுல இருக்கோமா?"

தட்டல். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. அந்த ஊர் எங்கேயோ இருக்க, இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல.

"உங்களுக்கு ஒரே மகனா?"

கை எழுந்தது.

இட்ஸெல் பத்திரத்தை எடுத்துத் தாயின் முன்னால் வைத்தாள். சட்ட விளக்கம் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை, அவள் வக்கீல் இல்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி மெதுவாக வாசித்தாள். தெருவின் பெயர், வீட்டு எண், கொடுப்பவர் பெயர், பெறுபவர் பெயர். வாசித்து முடித்து, "இதுல கையெழுத்துப் போட உங்களுக்கு இஷ்டமா?" என்றாள்.

கை அசையவில்லை. தோன்யா கூக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற பெல்ட்டில் பழம் பார்க்கிறவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டாள். ஒருவேளை எல்லாம் தன் கற்பனையோ என்று இட்ஸெல் நினைக்கத் தொடங்கிய நேரத்தில் புறங்கை வந்தது. மூன்று தாளும் பலகையை விட்டுப் பறந்து தரையில் விழுந்தன.

இட்ஸெல் பொறுக்கி வைத்தாள். கேள்வியைத் திருப்பிப் போட்டாள். "கையெழுத்துப் போட வேண்டாங்கறீங்களா?"

கை எழுந்தது.

சன்னல் திரையைச் சரிசெய்கிற சாக்கில் எழுந்து போய்வந்து மூன்றாவது தடவையும் கேட்டாள். தாள் மறுபடி தரைக்குப் போனது. தோன்யா கூக்காவின் இடது கண்ணில் ஒரு சலிப்பு. இத்தனை மந்தமான பெண்ணை எந்த ஷெட்டில் வேலைக்கு வைத்தார்கள் என்கிற சலிப்பு.

ஐந்து வாரம். டாக்டர் வந்தார், மகன் வந்தான், மருமகள் நெல்டா வந்தாள், பணிப்பெண்கள் மூன்று ஷிப்டாய் வந்தார்கள். இந்த மனுஷி ஐந்து வாரமாய்த் தன் தொழிலின் கையால் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். துடிக்கிறது என்றார்கள். பதில் வராவிட்டாலும் உடைந்த பிஸ்கட்டைத் தினமும் தட்டிவிட்டு, நான் இருக்கிறேன், எனக்கு நல்லது கெட்டது தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். எவ்வளவு திமிர் வேண்டும் அதற்கு. எவ்வளவு பொறுமை வேண்டும். இட்ஸெலுக்கு அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. அடுத்த நினைப்பில் ஆத்திரம் வந்தது. தன்மேலும்தான். பெட்ரோல் கணக்கோடு உள்ளே வந்திருந்தால் இந்தக் கையைத் தானும் துடிப்பு என்றுதான் நினைத்திருப்பாள். காசு முன்கூட்டியே பையில் இருந்ததால் கண்ணுக்குப் பார்க்கிற வேலை மட்டும் மிச்சம் இருந்தது.

கதவைத் திறந்தாள். "வாங்க. அம்மாவுக்கு இஷ்டம் இல்ல. நான் முத்திரை வைக்க மாட்டேன்."

ஃபெர்மின் சிரித்தே விட்டான். "இஷ்டம் இல்லன்னு யாரு சொன்னா, அவங்களா? பேசினாங்களா?"

"கையால சொன்னாங்க. ஷெட்ல பழம் பிரிக்கிற கை. தட்டினா வேணாம், தூக்கினா சரி. நீங்களே கேளுங்க, அவங்க தூங்கல."

"அது நரம்பு இழுக்கிறது. டாக்டரே…"

"டாக்டர் ஷெட்ல நின்னிருக்காரா?"

அவன் தாயின் பக்கம் திரும்பினான். முதலில் சத்தமாக, செவிடரிடம் பேசுவதுபோலப் பேசினான். "அம்மா, வீடு எனக்குத்தானே?"

தட்டல்.

அவன் கழுத்து சிவந்தது. "பாத்தியா, எதுக்குக் கேட்டாலும் இதான் பண்ணுவாங்க."

"அப்ப வேற ஏதாவது கேளுங்க. எனக்குத் தெரியாததா கேளுங்க."

யோசித்தான். குரல் இறங்கியது. "அப்பா பேரு ராமிரோவா, அம்மா?"

தட்டல்.

"அன்செல்மோ?"

கை எழுந்து நின்றது. இறங்க அதற்கு மனமில்லை போலிருந்தது.

ஃபெர்மின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான். ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. எதையோ பின்னோக்கி எண்ணிப் பார்க்கிறவனுடைய முகம்.

"அப்ப போன ஞாயித்துக்கிழமை… நானும் நெல்டாவும் இங்க உக்காந்து பேசினது. வீட்டைப் பத்தி, உங்களைப் பத்தி. கேட்டுச்சா?"

கை எழுந்தது.

"எல்லாமா?"

எழுந்த கை எழுந்தபடியே இருந்தது.

அவன் உதட்டைக் கடித்தான். கோபமா அழுகையா என்று சொல்ல முடியாத குரலில், "அப்ப நானும் தட்டிவிட வேண்டிய அழுகல்தானா? சொல்லுங்க, அதையும் சொல்லிடுங்க," என்றான்.

தோன்யா கூக்காவின் கை வெளிப்பக்கம் போகவில்லை. மேலேயும் எழவில்லை. பலகையின் நடுவிலிருந்து எதையோ பிடித்ததுபோல் தன் பக்கம் இழுத்து, விளிம்பில் வைத்து, கீழே ஒரு அழுத்து அழுத்தியது.

"அது என்னது? இது புதுசா இருக்கே."

இட்ஸெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஜூஸ்," என்றாள்.

"என்ன ஜூஸ்?"

"உங்களை ஜூஸ் பெல்ட்ல போட்டாங்க. தோல்ல அடி, உள்ள நல்லாத்தான் இருக்கு. கடைக்குப் போகாது, குப்பைக்கும் போகாது."

தோன்யா கூக்காவின் வாயின் இடது மூலை மேலே ஏறியது. ஃபெர்மின் அதைப் பார்த்தான். ஒரு கணம் அவனும் சிரித்துவிடுவான் போலிருந்தது. ஆனால் திங்கட்கிழமை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். போனை எடுத்தான். கில்பர்ட்டோவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, பலகைமேல் வைத்தான்.

"தோன் கில்பர்ட்டோ, நீங்க அனுப்பின பொண்ணு முத்திரை வைக்க மாட்டேங்குது. வாசல்லயே எழுபத்தஞ்சு வாங்கிடுச்சு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "வாசல்லயா? இட்ஸெல், கண்ணு, இருக்கியா? நான் என்ன சொல்லி வச்சிருக்கேன்?"

"இருக்கேன். இவங்களுக்குக் கையெழுத்துப் போட விருப்பம் இல்ல, தோன் கில்பர்ட்டோ. மூணு தடவை கேட்டாச்சு."

"அதுக்குத்தான் பேச்சே வராதே, எப்படிக் கேட்ட? இங்க பாரு, அட்டை இருக்கு, ஆள் இருக்கு, மகன் இருக்கான். மூச்சு விடுதில்ல, போதும். நாளைக்கு அந்தக் கட்டை எழுந்து வந்து உன்மேல கேஸ் போடப்போகுதா? முத்திரைய வச்சுட்டு வா. இல்லன்னா அந்த எழுபத்தஞ்சைத் திருப்பிக் குடுத்துட்டு, திங்கக்கிழமைலருந்து என் ஆபீஸ் பக்கம்…"

புறங்கை வந்தது. இதுவரை வந்ததிலேயே சுத்தமான தட்டல் அதுதான். முப்பது வருஷப் பழக்கம் முழுவதும் அந்த மணிக்கட்டில் இருந்தது. போன் பலகையைத் தாண்டி, சுவரில் மோதி, கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அங்கேயிருந்தும் கில்பர்ட்டோ பேசிக்கொண்டே இருந்தார்.

ஃபெர்மின் அதை எடுக்கக் குனியவில்லை. எங்கள் வீட்டு விஷயத்தை இவரிடம் ஏன் கொண்டுபோனேன் என்கிற முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கட்டைன்னு சொன்னான்," என்றான், யாரிடமும் இல்லாமல்.

இட்ஸெல் பதிவேட்டைத் திறந்தாள். தேதி, நேரம், பெயர், பத்திரத்தின் வகை. கையெழுத்துக்கும் கட்டைவிரல் ரேகைக்கும் உள்ள கட்டங்களில் குறுக்குக்கோடு இழுத்து, 'மறுத்தார், விஷயம் புரிந்து மறுத்தார்' என்று எழுதினாள். அப்படி எழுதச் சொல்லி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. தோன்யா கூக்காவின் பக்கம் திருப்பி அதைப் படித்துக் காட்டினாள். கை எழுந்தது.

பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து, போனைப் பார்த்துச் சொன்னாள்: "தோன் கில்பர்ட்டோ, திங்கக்கிழமை ரெண்டு வேலை என் பேர்ல போட்டிருக்கீங்க. வேற ஆளைப் பாருங்க. எனக்கு இனிமே போன் பண்ண வேணாம். வேலை பிடிக்க எனக்கும் வாய் இருக்கு."

"கண்ணு, அவசரப்படாத. யோசிச்சுப் பேசு."

"டினூபாவுலயே யோசிச்சுட்டேன்."

வாரத்தில் ஐந்து வேலை போயிற்று. காரின் டயர் இரண்டு மாற்ற வேண்டியிருக்கிறது. அதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. பையை மூடினாள்.

"என் காசு?" என்றான் ஃபெர்மின். கேட்க வேண்டுமே என்று கேட்டான்.

"வர்றதுக்கு வாங்கினேன். வந்தேன்."

"லாரி போயிடும்."

"போகலாம். அதுக்கு நான் வழி சொல்ல முடியாது, நான் வக்கீல் இல்ல. வழி இருக்கான்னு இவங்ககிட்டதான் கேக்கணும். இத்தனை நாள் நீங்க கேக்கல."

சொன்னது கடுமைதான். குறைத்துச் சொல்ல அவளுக்கு எப்போதும் வந்ததில்லை. தோன்யா கூக்காவின் முன்னால் குனிந்து, "போய்ட்டு வரேன், சென்யோரா. மரிவிக்கிட்ட இந்தக் கையைப் பத்திச் சொல்லிட்டுத்தான் போவேன்," என்றாள். கை எழுந்தது, வழிவிட்டது.

கதவருகே போனபோது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஃபெர்மின் தாயின் பக்கத்தில் நெருங்கி உட்கார்கிறான். தொண்டையைச் செருமினான். லாரியையோ வீட்டையோ கேட்கப் போகிறான் என்று நினைத்தாள்.

"அம்மா, அந்த டிவி சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

கை எந்தப் பக்கம் போனது என்று பார்க்க இட்ஸெல் திரும்பவில்லை. மரிவிக்கின் ஊதாச் செருப்பு எந்த அறை வாசலில் தெரிகிறது என்று தேடியபடி நடைபாதையில் நடந்தாள்.